கீசருக்குள் ஒரு கடுகளவு வெள்ளி

சேலம், நாமக்கல் சமவெளியில் குளிர் என்று சொல்லிக்கொள்ள கார்த்திகைப் பாதியிலிருந்து தை முடியும் வரைதான். ஆனாலும் விடிகாலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வெந்நீர் வேண்டும் என்ற பழக்கம் ஆண்டு முழுக்க விடுவதில்லை. முன்பெல்லாம் புறக்கடையில் செம்பு பாய்லர் நிற்கும். நடுக்குழாயில் தேங்காய் மட்டையையும் சோளத்தட்டையும் போட்டு எரிப்பார்கள். தண்ணீர் சூடானதும் தீயைத் தணிக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இப்போது குளியலறைச் சுவரில் 15 லிட்டர் கீசர் தொங்குகிறது. தீயைத் தணிக்கும் அந்த ஆளின் வேலையைப் பல வீடுகளில் நீலநிறத்தில், ஒரு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று செய்கிறது. அதுதான் ரிலே.

எல்லாக் கீசரிலும் ரிலே இருப்பதில்லை. சாதாரணக் கீசரில் திரவம் நிரம்பிய மெல்லிய குழாய் கொண்ட தெர்மோஸ்டாட் இருக்கும். சூட்டில் திரவம் விரிந்து சுவிட்சைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். டிகிரியை எண்ணில் காட்டுவது, ரிமோட்டில் இயங்குவது, கைப்பேசியில் நேரம் குறிப்பது என்று வந்துவிட்ட மாடல்களில்தான் சர்க்யூட் போர்டும் அதன் மேல் ரிலேயும் இருக்கின்றன. சோலார் வாட்டர் ஹீட்டரின் துணை ஹீட்டர், விடுதிகளின் மொட்டை மாடியில் வெந்நீரைச் சுற்றவிடும் பம்ப், குஞ்சுப் பொரிப்பகத்தின் இன்குபேட்டர் என எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் ரிலே உண்டு.

ரிலே கெட்டுப்போனால் மாற்றுவது பெரிய வேலையில்லை. உதிரிபாகக் கடையில் சில பத்து ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் மாற்றிய ரிலே ஆறே மாதத்தில் மறுபடி போனால், அது ரிலேயின் குற்றமாக இருப்பது அபூர்வம். “போன வருசம்தானுங்க மாத்துனோம்” என்று வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்வதும், “பீஸ் சரியில்லீங்கக்கா” என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் அதே மாதிரி இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போவதும் இந்த ஊர்களில் அடிக்கடி நடப்பதுதான். ஏன் போயிற்று என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்கான விடை ரிலேயின் உள்ளேயும், கீசர் தொட்டியிலும், வீட்டுக்கு வரும் மின்சாரத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய ஒரு காயில், அதன் நடுவில் ஓர் இரும்புத் துண்டு. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகி, மேலே இருக்கும் தகட்டை இழுக்கும். தகடு நகரும்போது அதனோடு சேர்ந்த காண்டாக்ட் இன்னொரு காண்டாக்டில் போய் முட்டும். நமக்குக் கேட்கும் ‘டிக்’ சத்தம் அதுதான். 12 வோல்ட் ரிலே ஒன்றின் காயிலுக்கு ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் போதும். அந்தச் சிறிய மின்னோட்டம் திறந்துவிடும் பாதையிலோ 2000 வாட் ஹீட்டருக்கான 8.7 ஆம்பியர் ஓடுகிறது. கிட்டத்தட்ட 300 மடங்கு. காயிலுக்கும் காண்டாக்டுக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது என்பதுதான் இதன் அழகு. வெப்பத்தை உணரும் சென்சாரும், விரலால் தொடும் பட்டனும் பாதுகாப்பான 12 வோல்ட் பக்கமே இருந்துவிட, 230 வோல்ட் தனியாகத் தன் வழியில் போகிறது.

இந்த ஏற்பாட்டை அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835-வாக்கில் செய்துகாட்டினார். நெடுந்தூரம் ஓடிக் களைத்துப்போன தந்திக் குறியீட்டை வழியில் புதுப்பித்து அனுப்பத்தான் அது முதலில் பயன்பட்டது. வெப்பத்தோடு அதற்குச் சம்பந்தம் ஏற்பட இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், வகுப்பறை குளிர்ந்தால் கீழ்த்தளத்தில் உலை பார்த்துக்கொள்பவருக்கு மணி அடிக்கும் மின் தெர்மோஸ்டாட்டுக்கு 1883-இல் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் மினியாபோலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், அறை குளிர்ந்தால் உலையின் காற்றுக்கதவைத் தானாகவே திறந்துவிடும் கருவியை அமைத்தார். ஹனிவெல் நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது. குளிர்நாடுகளில் இன்றும் பல வீடுகளின் நிலவறையில் பாய்லர் ஒன்று நீரைச் சூடாக்க, ஒரு பம்ப் அதை அறை அறையாகக் குழாய்களில் சுற்றவிடுகிறது. சுவரில் இருக்கும் 24 வோல்ட் தெர்மோஸ்டாட் சொல்ல, ரிலே அந்தப் பம்பை ஓட்டுகிறது. நம் ஊருக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. குளிக்கும் நீரோடு கதை முடிகிறது. ஆனால் ரிலே அதேதான், அது சாகும் விதமும் அதேதான்.

செயலிழந்த ரிலேயின் மேல்மூடியை ஒரு கத்தி முனையால் நெம்பிப் பார்த்தால் கதை தெரியும். நல்ல நிலையில் வெள்ளை வெளேரென்று பளபளக்க வேண்டிய, காண்டாக்டின் இரண்டு சிறு பொட்டுகளில், ஒன்றில் குழி விழுந்திருக்கும், எதிரே இருப்பதில் மேடு கட்டியிருக்கும். சுற்றிலும் கருப்புப் புகை படிந்திருக்கும். சில சமயம் இரண்டும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் நிமிண்டினாலும் பிரியாது.

அந்தப் பொட்டுகள் வெள்ளியால் ஆனவை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் வெள்ளியைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே உலோகம் கடுகளவுக்கு ஒவ்வொரு ரிலேயிலும் இருக்கிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. செம்புகூட அதற்கு அடுத்தபடிதான். ஆனால் தனி வெள்ளி மென்மையானது, சூடுபட்டால் சுலபமாக உருகி ஒட்டும். அதனால் அதோடு நிக்கலையோ டின் ஆக்ஸைடையோ பொடியாகக் கலக்கிறார்கள். முன்பு காட்மியம் ஆக்ஸைடு கலப்பதே வழக்கம். காட்மியம் நச்சு என்பதால் அந்த இடத்தை இப்போது டின் ஆக்ஸைடு பிடித்து வருகிறது. இந்தக் கலப்புதான் தீப்பொறி விழும்போது இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது.

கொலுசு கருப்பது போலவே ரிலே காண்டாக்டும் கருக்கும். இரண்டுக்கும் காரணம் கந்தகம், விளைவது வெள்ளி சல்ஃபைடு. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இது வெறும் பாடநூல் வேதியியல் இல்லை. எருவிலிருந்து வரும் காற்றில் அம்மோனியாவோடு சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. சல்ஃபைடு வெள்ளியைக் கருக்கும். அம்மோனியா பித்தளை முனைகளை அரித்து வெடிக்க வைக்கும். அதனால் பண்ணைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் காற்றுப் புகாதபடி மூடிய ரிலேக்கள்தான் நிலைக்கின்றன. ஹீட்டர் போன்ற பெரிய லோடு என்றால் ஒவ்வொரு முறையும் எழும் தீப்பொறியே அந்தக் கருப்புப் படலத்தைச் சுட்டுத் துடைத்துவிடும். சென்சார் சிக்னல் மாதிரி மில்லி ஆம்பியர் கணக்கில் ஓடும் இடங்களில்தான் படலம் வழியை அடைக்கும். பெரிய லோடு இழுத்த பழைய ரிலேயைப் பிரித்தெடுத்துச் சின்ன சிக்னலுக்குப் போட்டால் விட்டு விட்டு வேலை செய்வது இதனால்தான்.

தீப்பொறி எழுவது காண்டாக்ட் பிரியும் நொடியில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 முறை அது பூஜ்யத்தைக் கடக்கிறது. ஏதாவது ஒரு பூஜ்யத்தில் பொறி தானே அணைந்துவிடும். டிசி மின்சாரத்தில் அந்தப் பூஜ்யமே கிடையாது. அதனால்தான் ஒரே ரிலேயின் முதுகில் ‘10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி’ என்றும், பக்கத்திலேயே ‘10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். சோலார் பேனலிலிருந்து வரும் டிசியை நேரடியாகத் தண்ணீர் ஹீட்டருக்குக் கொடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். பேனல் வரிசை 100 வோல்ட்டைத் தாண்டினால், இந்தச் சின்ன ரிலேக்குள் பிறக்கும் பொறி அணையாமல் நின்று பிளாஸ்டிக்கையே எரித்துவிடும்.

மாற்று ரிலே வாங்கும்போது நடக்கும் தவறுகளில் பாதி அந்த அச்செழுத்துகளைப் படிக்காததால் வருபவை. 12 வோல்ட் காயில் இருந்த இடத்தில் 24 வோல்ட் ரிலேயைப் போட்டால் அது இழுக்கவே இழுக்காது. பெரும்பாலான ரிலேக்களுக்குத் தகட்டை இழுக்க, குறித்த வோல்டேஜில் முக்கால் பங்காவது வேண்டும். 5 வோல்ட் ரிலேயைப் போட்டாலோ காயில் கருகிவிடும். காண்டாக்டின் ஆம்பியர் இன்னும் முக்கியம். 2000 வாட் கீசருக்கு 8.7 ஆம்பியர் என்றால், சமையலறைக் குழாயடியில் மாட்டும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட். அது 13 ஆம்பியர் இழுக்கும். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று 10 ஆம்பியர் நீல டப்பாவை அங்கே போட்டால் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அதன் இடத்தில் 30 ஆம்பியர் தாங்கும், சற்றே பெரிய கருப்பு ரிலேதான் வர வேண்டும். கால்கள் அதே துளைகளில் உட்காராவிட்டால் சிரமம்தான், ஆனாலும் அதுதான் சரி. பம்புக்கு என்றால் கணக்கே வேறு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் மின்னோட்டம், ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு. நிறுத்தும்போது எழும் பொறியும் ஹீட்டரின் பொறியைவிட மூர்க்கமானது.

இனி தண்ணீர். இந்தச் சமவெளி முழுக்கப் பாறை பூமி. காவிரிக் குடிநீர் வந்தாலும், குளிக்கவும் துவைக்கவும் போர்வெல் நீரையே நம்பும் வீடுகள் ஏராளம். அதில் கால்சியமும் மக்னீசியமும் கனமாகக் கரைந்திருக்கும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்புடையது என்கிறது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. சூடாக்கும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட் பிரிந்து கார்பனேட்டாகப் படியும். அந்த வெள்ளைப் படிவுதான் பக்கெட் ராடில் நாம் சுரண்டி எடுக்கும் உப்பு. 60 டிகிரிக்கு மேல் போகப் போகப் படிவு வேகமாகும்.

உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீருக்குள் மூழ்கிய மின் ஹீட்டரைப் பொறுத்தவரை அது சரியில்லை. எலிமென்டில் பிறக்கும் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிரப் போக வேறு இடமில்லை. சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. உப்புப் போர்வைக்குள் எலிமென்ட் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிக் காய்கிறது. வெளிக்குழாய் வெடித்து உள்ளே தண்ணீர் புகுகிறது. எலிமென்டில் ஷார்ட் ஏற்பட்டு, எம்சிபி விழுவதற்குள் பாயும் பெரும் மின்னோட்டம் ரிலேயின் வெள்ளிப் பொட்டுகளை உருக்கி ஒட்டிவிடுகிறது. சென்சார் குழாயின் மேலும் உப்பு படிந்திருந்தால் தண்ணீர் சூடானது போர்டுக்குத் தாமதமாகத் தெரிய, குறித்த டிகிரியைத் தாண்டிக் கொதிக்கவும் செய்யும். ஆகவே எலிமென்டைக் கழற்றிப் பார்க்காமல் ரிலேயை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

இதில் இந்த மண்ணுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. எலிமென்டின் உள்ளே சூடாகும் நிக்ரோம் கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் இறுக்கி நிரப்பியிருக்கும் வெள்ளைப் பொடி மக்னீசியம் ஆக்ஸைடு. வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும் அரிய குணம் அதற்கு. சேலத்துக்கு வடமேற்கே வெள்ளைவெளேரெனக் கிடக்கும் மேக்னசைட் சுரங்கப் பகுதியில் வெட்டியெடுக்கும் கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் இதே சேர்மம்தான். அது பெரும்பாலும் உருக்கு உலைகளின் செங்கல்லாகப் போகிறது. கீசர் தொட்டிக்குள் துரு பிடிக்காமல் தன்னைத் தின்னக் கொடுத்து நிற்கும் ஆனோடு ராடும் மக்னீசிய உலோகம். நீரை உப்பாக்கும் அதே தனிமம், தொட்டிக்கும் எலிமென்டுக்கும் காவலாகவும் இருக்கிறது. அந்த ராடு கரைந்து கம்பியாகிவிட்டதா என்று பார்ப்பதையும் ரிலே மாற்றும் அதே நாளில் முடித்துவிடலாம்.

மூன்றாவது, வோல்டேஜ். கிராமத்து லைனின் கடைசி வீட்டில் மாலையில் 180 வோல்ட் வருவது புதிதல்ல. ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230-இல் 2000 வாட் தருவது 180-இல் சுமார் 1225 வாட்தான். 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர முன்பு 17 நிமிடம் என்றால் இப்போது 28 நிமிடம். இதனால் ரிலேக்குக் கேடில்லை. ஆனால் 230 வோல்ட் ஏசி காயில் கொண்ட காண்டாக்டர் என்ற பெரிய ரிலே வைத்திருக்கும் இடங்களில், குறைந்த வோல்டேஜில் தகடு முழுதாக ஒட்டாமல் ‘கிர்ர்’ என்று அதிரும். அந்த அதிர்வில் நொடிக்குப் பலமுறை தீப்பொறி. ஒரே மாலையில் ஓராண்டுத் தேய்மானம் நடந்துவிடும்.

தேய்மானத்துக்குக் கணக்கும் உண்டு. இவ்வகை ரிலேக்கள் முழு லோடில் ஏறத்தாழ 1 லட்சம் முறை திறந்து மூடுவதற்கு என வடிவமைக்கப்படுகின்றன. வீட்டுக் கீசர் நாளைக்கு 10 முறை ‘டிக்’ என்றால் 27 ஆண்டுகள். பொரிப்பகத்தில் அப்படி இல்லை. கோழிமுட்டை 21 நாளில் பொரிய வேண்டுமானால் சூடு 37.5 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஹீட்டரைப் போட்டு எடுத்தால் நாளைக்கு 2880 முறை, 35 நாளில் லட்சம் தீர்ந்துவிடும். இரண்டாம் ஈடு முட்டை பொரிவதற்குள் ரிலே போய்விடும் என்று அர்த்தம். 17-ஆம் நூற்றாண்டிலேயே பாதரசமும் சாராயமும் கொண்டு இன்குபேட்டரின் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் உலையைச் செய்த கொர்னேலிஸ் டிரெபெல்லுக்குக் காண்டாக்ட் தேயும் கவலை இருந்திருக்காது. இன்று அந்த வேலைக்கு நகரும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே இருக்கிறது. அது ஆம்பியருக்கு ஒரு வாட் அளவில் சூடாகும் என்பதால் அலுமினியத் தகடு இல்லாமல் மாட்டக் கூடாது.

இனி வயரிங். மெயினை அணைத்து, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஐந்து கால் ரிலேயில் இரண்டு காயிலுக்கு. மற்ற மூன்றில் ஒன்று பொதுமுனை, ஒன்று சும்மா இருக்கையில் திறந்திருப்பது, ஒன்று சும்மா இருக்கையில் மூடியிருப்பது. எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸ் பொதுமுனைக்கு, திறந்திருக்கும் முனையிலிருந்து எலிமென்டுக்கு. மூன்றாவதில் தவறிக் கொடுத்துவிட்டால், நிறுத்தச் சொல்லும்போது கீசர் காயும். ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை ரிலேயில் வெட்டுவது அதைவிட ஆபத்து. கீசர் அணைந்தது போலத் தெரியும், ஆனால் எலிமென்ட் முழுக்க 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். டிசி காயிலின் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டையோடு இருக்க வேண்டும். காயிலை அணைக்கும் நொடியில் அது எழுப்பும் வோல்டேஜ், டையோடு இல்லாவிட்டால், காயிலை இயக்கும் டிரான்சிஸ்டரைத் துளைத்துவிடும்.

ஸ்குரூ முறுக்குவதை அற்பமாக நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கட்டும். தளர்ந்த ஒரு முனையில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 8.7 ஆம்பியரில் அங்கே சுமார் 7.6 வாட் சூடு பிறக்கிறது. விரல்நுனி இடத்தில் அவ்வளவு சூடு என்றால் பிளாஸ்டிக் பழுப்பாகி, வயரின் தோல் உரிந்து, மீன் வாடை போல ஒரு நாற்றம் வரும். ரிலே எரிந்துவிட்டது என்று அழைக்கப்படும் எத்தனையோ வீடுகளில் எரிந்தது அந்த முனைதான்.

ரிலே இரண்டு விதமாகச் சாகும். திறந்த நிலையில் நின்றுபோனால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், நட்டம் ஒரு குளியல். ஒட்டிக்கொண்டு நின்றால் கீசர் அணையவே அணையாது. அந்த நேரத்துக்காகத்தான் தனியே ஒரு தெர்மல் கட்-அவுட் இருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிக் காய்ந்தால் ரிலேயையும் போர்டையும் கேட்காமல் மின்சாரத்தை வெட்டிவிடும். அடிக்கடி வெட்டுகிறது என்று அதன் குறுக்கே வயர் போட்டுச் செயலிழக்கச் செய்வது, பிரஷர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதற்கு மூடி போடுவது ஆகிய இரண்டையும் எந்த எலக்ட்ரீஷியன் செய்தாலும் வீட்டுக்காரர் தடுக்க வேண்டும். நீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். அடைபட்ட தொட்டியில் அதைத் தாங்க எந்தச் சுவருக்கும் வலு கிடையாது. ஈரத்தில் நிற்பவரின் உடல் வழியே கசியும் மின்சாரத்தை 30 மில்லி ஆம்பியரிலேயே கண்டு வெட்டும் ஆர்சிசிபி, குளியலறை லைனுக்குக் கட்டாயம். ஒரு குட்டி ரிலேயை இழுக்கப் போதுமான அந்த அளவுதான் மனித இதயத்துக்கும் ஆபத்தின் எல்லை.

எல்லாம் மாட்டி முடித்த பின் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து, வெந்நீர்ப் பக்கம் காற்றில்லாமல் தொடர்ச்சியாகக் கொட்டும்வரை பொறுக்க வேண்டும். காலித் தொட்டியில் எலிமென்ட் நொடிகளில் கருகிவிடும். பிறகு ஃபேஸ் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி மெயினைப் போட்டால், 230 வோல்ட்டில் 8.7-ஐ ஒட்டிய எண் தெரியும். சூடு குறித்த டிகிரிக்கு வந்து ‘டிக்’ கேட்டதும் மீட்டர் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். சத்தம் கேட்டும் எண் அப்படியே நின்றால் புதிய ரிலேயும் ஒட்டிவிட்டது. அப்போது எலிமென்டைக் கழற்றி அதன் முனைக்கும் எர்த்துக்கும் இடையே மின்காப்பை மெகர் என்ற மீட்டரில் அளந்து பார்க்காமல் இன்னொரு ரிலே வாங்கப் போகக் கூடாது.